தளர்த்தினால் ஆழம் வருமா? கிக் டிரம் ஹெட்டும் அதன் சுருதியும்

டிரம் செட்டிலேயே பெரியது கிக் டிரம் என்கிற பேஸ் டிரம். சுருதி சேர்ப்பதில் மிகக் குறைந்த கவனம் பெறுவதும் அதுவே. ஸ்னேர் டிரம்மின் திருகுகளைப் பாட்டுக்குப் பாட்டு தொட்டுப் பார்ப்பவர்கூட, கிக் டிரம்மில் ஒலி நீண்டு இரைந்தால் உள்ளே ஒரு தலையணையைத் திணிக்கிறார். ஆழம் போதவில்லை என்று தோன்றினால் திருகுகளைத் தளர்த்துகிறார். அதற்கும் சரிவராவிட்டால், டிரம்மின் முகத்தில் போர்த்தும் படலமான ஹெட்டில் விலை கூடிய ஒன்றை வாங்கி மாட்டுகிறார்.

திணிப்பது, தளர்த்துவது, மாற்றுவது. இந்த மூன்றுக்கும் தனித்தனி வரலாறும் இயற்பியலும் உண்டு. அவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தபின் நான் வந்திருக்கும் முடிவு இது: சுருதி சேர்ப்பது செய்ய வேண்டிய வேலையை, ஒலியை அடக்குவது எடுத்துக்கொண்டுவிட்டது. தளர்த்தினால் ஆழம் வரும் என்ற நம்பிக்கையில் மைக்குக்கு அருகே பாதி உண்மை உண்டு. அரங்கில் அந்தப் பாதியும் இல்லை. ஹெட்டைத் தேர்ந்தெடுப்பது முக்கியம்தான். ஆனால் அது இரண்டாவது கேள்வி.

பிளாஸ்டிக் வருவதற்கு முன் பேஸ் டிரம்மின் இரு பக்கமும் கன்றுத் தோல். 1909இல் அமெரிக்காவில் வில்லியம் லட்விக் விற்பனைக்குக் கொண்டுவந்த பெடல் பரவிய பிறகுதான், ஒரே ஆள் உட்கார்ந்தபடி கையால் ஸ்னேரையும் காலால் பேஸ் டிரம்மையும் வேகமாக வாசிப்பது எளிதாயிற்று. அன்றைய பேஸ் டிரம்கள் ஊர்வல பேண்டிலிருந்து மேடைக்கு வந்தவை. 26, 28 அங்குல விட்டம் சாதாரணம். தோலுக்கு ஈரம்தான் பகை. மழைநாளில் தொய்ந்துவிடும், மேடை விளக்கின் சூட்டில் விறைத்து, சில சமயம் கிழிந்தும் போகும். 1920களில் அமெரிக்க டிரம்மர்கள் பேஸ் டிரம்முக்குள் மின்விளக்கை எரியவிட்டார்கள். முன்தோலில் தீட்டியிருந்த இயற்கைக் காட்சி ஒளிர்ந்தது. தோலும் காய்ந்து விறைப்பாக நின்றது. வாசிக்கும் முன் பறையைத் தீயில் காட்டும் கலைஞருக்கு இந்த ஏற்பாடு சட்டென்று புரியும்.

1950களில் பாலியெஸ்டர் படலம் வந்தது. டூபாண்ட் நிறுவனம் மைலார் என்ற பெயரில் விற்ற அந்தப் படலத்தைக் கொண்டு 1956இல் சிக் எவன்ஸும் 1957இல் ரெமோ பெல்லியும் டிரம் ஹெட் செய்து விற்கத் தொடங்கினார்கள். இன்றும் கடைகளில் முன்வரிசையில் இருக்கும் இரண்டு பெயர்கள் அவை. ஈரத்துக்குத் தொய்யாது என்பது எல்லோருக்கும் தெரிந்த லாபம். கடலோர ஊர்களில் வாசிப்பவர்களுக்கு அது ஒன்றே போதும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. கன்றுத் தோலில் ஒரே வட்டத்துக்குள்ளேயே தடிமன் மாறும், மைலாரில் மாறாது. தடிமன் தெரிந்த, எத்தனை முறை செய்தாலும் அதேபோல் வருகிற பொருள் கையில் கிடைத்ததும், ஹெட் என்பது வடிவமைக்கக்கூடிய ஒன்றாகிவிட்டது. ஒரு படலமா இரண்டா, எவ்வளவு தடிமன், ஓரத்தில் வளையம் வேண்டுமா என்றெல்லாம் யோசிக்க இடம் கிடைத்தது அப்போதுதான்.

லாபத்தோடு ஒரு சிக்கலும் வந்தது. தோல் தன் மேல்சுரங்களைத் தானே கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். மைலார் அப்படிச் செய்யாது. பளிச்சென்று, நீளமாக ஒலிக்கும். தோல் காலத்திலும் கம்பளிப் பட்டை ஒன்றைக் குறுக்கே இழுத்துக் கட்டி ஒலியை அடக்கும் வழக்கம் இருந்தது. மைலாருக்குப் பிறகு அடக்க வேண்டியது கூடிவிட்டது.

எல்லோரும் அதைச் சிக்கலாகப் பார்க்கவில்லை. உலகப் போருக்குப் பின் ஜாஸ் குழுக்கள் சிறுத்தன. பேஸ் டிரம்மும் 20, 18 அங்குலத்துக்கு இறங்கியது. 1960களில் மைல்ஸ் டேவிஸோடு வாசித்த டோனி வில்லியம்ஸின் 18 அங்குல கிரெட்ச் டிரம்மைக் கேட்டால் தெரியும். இரு ஹெட்டுகளும் முழுமையானவை, நல்ல இறுக்கம், அடக்குவது மிகக் குறைவு. டாம் டிரம் வரிசையில் ஆகத் தாழ்ந்த சுரம்போல அது பாடுகிறது. அந்த வாசிப்பில் கால், தாளத்தைப் பிடித்து வைப்பதோடு நிற்காமல் உரையாடலிலும் சேர்ந்துகொள்ளும். அதற்குச் சுரம் தேவை. அடக்கிப்போட்டால் உரையாட முடியாது.

மறுபக்கத்தில் ராக். 1966இல் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஒலிப்பதிவில் பொறியாளர் ஜெஃப் எமெரிக் இரண்டு காரியங்கள் செய்தார். ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். மைக்கை, அந்த ஸ்டூடியோவின் விதி அனுமதித்ததைவிட மிக அருகில் கொண்டுபோனார். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. மைக் அவ்வளவு அருகில் வந்தால் ஹெட்டின் ஒவ்வொரு இரைச்சலும் நாடாவில் ஏறும். அதனால் அடக்க வேண்டும். அப்படி அடக்கிய டிரம் தூரத்துக்குக் கேட்காது. அதனால் மைக் அருகில் இருக்க வேண்டும். அதுவரை அறையின் ஒலியாக இருந்த பேஸ் டிரம், அன்றிலிருந்து மைக்கின் ஒலியாக மாறத் தொடங்கியது.

1970களில் இது உச்சத்துக்குப் போனது. முன் ஹெட்டையே கழற்றிவிட்டு, உள்ளே தலையணையும் போர்வையும் நிரப்பி, மைக்கை டிரம்மின் உருளைக் கூடான ஓட்டுக்குள் விட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பத்தாண்டின் பல இசைத்தட்டுகளில் கேட்கும் குறுகிய, வறண்ட ‘தப்’ அதுதான். பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்து பிறகு கலக்கும் முறைக்கு அது பொருந்தியது. பாட்டுக்குப் பொருந்தியதா என்றால், சில பாட்டுகளுக்குப் பொருந்தியது.

இதே காலத்தில் எதிர்த்திசையில் போனவர் லெட் செப்பெலின் குழுவின் ஜான் பானம். அவருடையது 26 அங்குல லட்விக். முன் ஹெட்டில் துளை இல்லை. பெரிதும் திறந்த ஒலி. பலர் நினைப்பதைவிட இறுக்கமான ஹெட்டுகள். 1971இல் வெளிவந்த நான்காவது இசைத்தட்டின் கடைசிப் பாட்டான ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில் பதிவானது. டிரம் செட்டைக் கீழ்க்கூடத்தில் வைத்து, பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு மைக்குகளை மாடிப்படிக்கு மேலே தொங்கவிட்டார். ராக் இசையில் மிகப் பெரிய, மிக ஆழமான கிக் ஒலி எது என்று கேட்டால் டிரம்மர்களில் பலர் இந்தப் பதிவைத்தான் சொல்வார்கள். அந்த டிரம் தளர்ந்தும் இல்லை, தலையணையால் நிரம்பியும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இயற்பியலுக்குப் போகலாம்.

வட்டமான படலம் ஒன்று பல வகைகளில் அதிரும். முழுப் படலமும் சேர்ந்து உள்ளும் வெளியும் போய்வருவது அடிப்படை அதிர்வு. ஒரு பாதி உள்ளே போகையில் மறுபாதி வெளியே வருவது அடுத்தது. காற்றின் பாதிப்பை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் அதன் அதிர்வெண் அடிப்படையைப் போல 1.59 மடங்கு. அதற்கு மேல் 2.14, 2.30, 2.65, 2.92 என்று போகும். வீணைத் தந்தியில் இவை 2, 3, 4 என முழு எண்களாக அமைந்து ஒரே சுரமாகக் காதில் சேரும். வெறும் படலத்தில் சேராது. டிரம் ‘இரைகிறது’ என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சேராத மேல்சுரங்கள்தான்.

இதற்கு இசை உலகம் இரண்டு விடைகள் கண்டிருக்கிறது. ஒன்று நம் மிருதங்கத்தினுடையது. வலந்தலையின் நடுவில் சோறு எனப்படும் கருப்புப் பூச்சை ஏற்றி, நடுப்பகுதியைக் கனமாக்கி, மேல்சுரங்களை இழுத்து ஏறக்குறைய முழு எண்களில் கொண்டுவந்து நிறுத்துவது. 1920இல் சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதியதும், 1934இல் விரித்து எழுதியதும் இதைப் பற்றித்தான். இன்னொரு விடை கிக் டிரம் ஹெட் செய்பவர்களுடையது: மேல்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவர முயலாமல், அவற்றைக் கொன்றுவிடுவது. அதற்கு அவர்கள் கை வைப்பது ஓரத்தில். படலத்தின் அடிப்படை அதிர்வில் நடுப்பகுதிதான் அதிகம் அசையும். ஓரத்தில் அசைவு சொற்பம். உயர்ந்த அதிர்வுகளில் பலவற்றுக்கு ஓரத்தை ஒட்டிய பகுதியில்தான் அசைவு அதிகம். ஆகவே ஓரத்தில் ஒரு வளையத்தை ஒட்டினால் மேல்சுரங்கள் சீக்கிரம் அடங்கும். அடிப்படைச் சுரம் பெரிதாக அடி வாங்காது.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கடையில் தொங்கும் பெட்டிகளில் பாதியைப் படிக்காமலே புரிந்துகொள்ளலாம். ரெமோவின் பவர்ஸ்ட்ரோக் 3, 10 மில் தடிமனுள்ள ஒற்றைப் படலம். உட்புற ஓரத்தில் இன்னொரு படல வளையம். (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 10 மில் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர்.) எவன்ஸின் ஈக்யூ4 அதே வழி. எவன்ஸ் ஈமேட் ஹெட்டில் வளையம் நுரையால் ஆனது. வெளிப்பக்கத்தில் ஒரு பள்ளத்தில் செருகப்படுவது. அகலமானதும் ஒல்லியானதுமாக இரண்டு வளையங்கள் கூடவே வரும், வேண்டாமென்றால் இரண்டையும் எடுத்துவிடலாம். டிரம்மர் ராய் பர்ன்ஸ் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக இருந்த அக்வேரியன் நிறுவனத்தின் சூப்பர்கிக்கில் உள்ளே கம்பளி வளையம். 1966இல் ஸ்வெட்டர் செய்த வேலையை ஹெட்டே செய்யும்படி வடிவமைத்தவை இவை. ஸ்வெட்டரைவிட இவை நல்லவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓட்டை நிரப்பும் தலையணை உள்ளிருக்கும் காற்றையும் சேர்த்து அமுக்குகிறது. அடிப்படைச் சுரமும் அதோடு போகிறது. ஓரத்து வளையம் தேவையற்றதை மட்டும் தொடுகிறது.

தடிமன் விஷயத்தில் கடைப்பேச்சுக்கும் கணக்குக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. ‘டபுள் பிளை போட்டால் ஆழமாக இருக்கும்’ என்பார்கள். 22 அங்குல வட்டத்தில் 10 மில் படலத்தின் எடையைக் கணக்கிட்டால் சுமார் 85 கிராம் வருகிறது. தலா 7 மில் கொண்ட இரட்டைப் படலம் என்றால் சுமார் 120 கிராம். இதே இறுக்கத்தில் எடை கூடினால் சுருதி இறங்கும் என்பது சரி. ஆனால் அவ்வளவு பெரிய படலம் அசையும்போது இரு பக்கமும் ஒட்டிய காற்றையும் தூக்கிக்கொண்டுதான் அசைய வேண்டும். அந்தக் காற்றின் எடை படலத்தின் எடைக்கு நிகரானது. அதையும் சேர்த்துப் பார்த்தால் ஒற்றைப் படலத்துக்கும் இரட்டைப் படலத்துக்கும் இடையிலான சுருதி வேறுபாடு ஓர் அரைச்சுர அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. திருகை லேசாகத் திருப்பினாலே அதைவிட அதிகம் மாறும். இரட்டைப் படலம் உண்மையில் தருவது வேறு இரண்டு: படலங்கள் ஒன்றோடொன்று உரசுவதால் மேல்சுரங்கள் சீக்கிரம் அடங்குவது, பலமாக மிதிப்பவர்களுக்கு நீண்ட நாள் உழைப்பது. மெட்டல் வாசிப்பவர் அதை வாங்குவது நியாயம். மெல்லிய வாசிப்புக்காரர் வாங்கினால், அவர் காலின் நுணுக்கங்கள் ஹெட்டிலேயே தங்கிவிடும்.

இனி தளர்த்துவது.

படலத்தின் சுருதி அதன் இறுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். இறுக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் சுருதி ஆறு அரைச்சுரம் இறங்கும்: 55 ஹெர்ட்ஸில் இருந்தது 39க்குப் போகும். பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த தந்தியே சுமார் 41 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. காகிதத்தில் இது பெரிய ஆழம். கேட்கும்போது நடப்பது நேர்மாறு. மனிதக் காது 40 ஹெர்ட்ஸை 80 ஹெர்ட்ஸைவிட வெகு மங்கலாகவே உணரும். 22 அங்குலப் படலமோ அந்த அதிர்வெண்ணில் காற்றைத் தள்ளுவதில் பலவீனமானது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதற்கு முன் அரை மீட்டர் சொச்சம் விட்டமுள்ள டிரம் மிகச் சிறியது. சுருதி இறங்க இறங்க அரங்கத்துக்குள் போகும் சக்தியும் இறங்குகிறது. கூடவே, தளர்ந்த படலம் பெடலின் அடிமுனையான பீட்டர் பட்டதும் மடங்கி அறைகிறது. அந்த அறைதான் முன்வரிசைக்குக் கேட்பது.

பிறகு ஏன் தளர்ந்த டிரம் ஆழமாக ஒலிப்பதாக இத்தனை பேர் உறுதியாகச் சொல்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு திசை மைக்குகளை ஒலி தோன்றும் இடத்துக்கு மிக அருகில் வைத்தால் தாழ்ந்த அதிர்வெண்களை மிகைப்படுத்தும். ஹெட்டிலிருந்து சில அங்குலத்தில் நிற்கும் மைக், அரங்குக்கு ஒருபோதும் போய்ச் சேராத தாழ்ந்த அசைவையும் பிடித்துக்கொள்ளும். ஸ்டூடியோவில் அது நிஜமான ஆழமாகவே பதிவாகிறது. அதே டிரம்மை மைக் இல்லாத கூடத்தில் வாசித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கிறது. ஸ்டூடியோவுக்கென்று பிறந்த பழக்கம் மேடைக்கு வந்ததுதான் குழப்பம் முழுவதற்கும் வேர். ஆழம் வேண்டுமென்றால் அதைத் தருவது விட்டம்: 20க்குப் பதில் 24. இருக்கிற விட்டத்துக்குள், எந்த இறுக்கத்தில் அந்த ஓடு தயங்காமல் பேசுகிறதோ, அதைத் தேடுவதுதான் வாசிப்பவரின் வேலை.

தேடும் முறை கடினமானதல்ல, பொறுமை கேட்பது. இரு ஹெட்டையும் கழற்றி, ஓட்டின் விளிம்பில் படிந்த தூசியையும் மரத்தூளையும் துடைக்க வேண்டும். விளிம்பைச் சமதளத்தில், கிரானைட் மேடை கிடைத்தால் நல்லது, கவிழ்த்து வைத்து உள்ளே டார்ச் விளக்கை எரியவிட்டால், எங்கே ஒளி கசிகிறதோ அங்கே விளிம்பு குறைபட்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஓட்டில் எந்த ஹெட்டும் முழுதாக ஒலிக்காது. தச்சு வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டியதுதான். ஹெட்டை மாட்டி, எல்லாத் திருகுகளையும் விரலால் முடிந்தவரை திருகி, பிறகு எதிரெதிராகப் போய் அரைச்சுற்று அரைச்சுற்றாக ஏற்ற வேண்டும். 22 அங்குல டிரம்மில் பக்கத்துக்கு 8 அல்லது 10 திருகுகள் இருக்கும். நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் புது ஹெட் படபடவென்று சத்தமிடும். பசை இளகி ஹெட் விளிம்பில் உட்காரும் சத்தம் அது, பயப்பட வேண்டாம். கடைசிச் சுருக்கம் மறையும் புள்ளியைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் ஒவ்வொன்றிலும் கால்சுற்று. அடிக்கும் பக்கத்துக்கு இது நல்ல தொடக்கம். முன் ஹெட்டை அதைவிடச் சற்று அதிகம் இறுக்கலாம்.

திருகுகளுக்கு அருகே தட்டிச் சமன்செய்யும்போது பலரும் ஓர் இடத்தில் தடுமாறுகிறார்கள். ஓரத்தில் தட்டினால் கேட்பது அடிப்படைச் சுரம் அல்ல, பாதி உள்ளே பாதி வெளியே போகும் அந்த இரண்டாவது அதிர்வு. சுருதி காட்டும் கருவி ஓரத்தில் ஓர் எண்ணையும் நடுவில் வேறோர் எண்ணையும் காட்டுவது அதனால்தான். ஓரத்துச் சுரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். டிரம்மின் சுருதியை நடுவில் தட்டிக் கேளுங்கள். ஓரங்களைச் சமன்செய்யும்போது மறுபக்க ஹெட்டைத் துணியாலோ கம்பளத்தாலோ ஊமையாக்கிவிடுவது அவசியம். இரண்டும் உள்ளிருக்கும் காற்றின் வழியே பிணைந்தவை. ஒன்றைத் தட்டினால் மற்றதும் பேசும். இரு ஹெட்டும் ஒரே திசையில் அசையும் அதிர்வு ஒன்று, எதிரெதிராக அசையும் அதிர்வு இன்னொன்று என்று அடிப்படைச் சுரமே இரண்டாகப் பிரிந்துவிடுவதும் உண்டு. கேட்கத் தெரிந்தவர்கள் முன் ஹெட்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்கியே ஒலியின் நீளத்தை ஆள்வது இந்தப் பிணைப்பால்தான்.

இதையெல்லாம் எந்தத் தலையணையும் இல்லாமல் செய்துபார்க்க வேண்டும் என்பதுதான் நான் வலியுறுத்துவது. திறந்த நிலையில் டிரம் நன்றாக ஒலித்தால், பிறகு எவ்வளவு குறைப்பது என்பது ரசனை. பெரும்பாலும் மடித்த துண்டு ஒன்று அடிக்கும் ஹெட்டின் கீழோரத்தை மெல்லத் தொட்டால் போதும் என்று தெரியவரும். திறந்த நிலையில் மோசமாக ஒலிப்பதைத் தலையணையால் மூடினால், மோசமானது சுருக்கமாக ஒலிக்கும், அவ்வளவுதான்.

முன் ஹெட்டின் துளையைப் பற்றி முடிவில்லாத வாதம் நடக்கிறது. என் பார்வையில் அது சுலபமானது. 4 அல்லது 5 அங்குலத் துளை, நடுவைவிட்டுத் தள்ளி ஓரத்தில் இருந்தால், மைக் உள்ளே போக வழி கிடைக்கும். ஹெட்டின் வேலை பெரிதும் கெடாது. 7 அங்குலத்தைத் தாண்டினால் முன் ஹெட் இல்லாததுபோலவே ஒலிக்கத் தொடங்கும். துளையே இல்லாத டிரம்மில் காற்று வெளியேற வழியில்லாததால் பீட்டர் துள்ளித் திரும்பும். அதற்குப் பழகாத காலுக்குச் சில வாரம் சிரமமாக இருக்கும். மைக் இல்லாத இடங்களில் வாசிப்பவர் துளையிட எந்தக் காரணமும் இல்லை. ஒருமுறை வெட்டினால் மூட முடியாது என்பதால், கத்தியை எடுக்குமுன் முழு ஹெட்டில் சில நாள் வாசித்துப் பார்ப்பது நல்லது.

பீட்டர் எங்கே படுகிறது என்பதற்கு யாரும் அதிக மரியாதை கொடுப்பதில்லை. சரியாக நடுவில் பட்டால், பாதிக்குப் பாதி அசையும் அந்த 1.59 மடங்கு அதிர்வு கிளம்பவே கிளம்பாது. அடிப்படைச் சுரம் தெளிவாக எழும். 22 அங்குல டிரம்மில் பெடலின் உயரத்தைச் சரியாக வைத்தால் நடுவை எட்டலாம். 18 அங்குல டிரம்மில் பீட்டர் நடுவுக்கு மேலே படும் என்பதால் டிரம்மைத் தூக்கி நிறுத்த அடியில் ஒரு தாங்கி வைக்கிறார்கள். 26 அங்குலத்தில் நடுவுக்குக் கீழேதான் படும்; அந்த டிரம்மின் கூடுதல் முழக்கத்தில் இதற்கும் பங்குண்டு. சிம்ஃபனி இசைக்குழுவின் பெரிய பேஸ் டிரம்மை வாசிப்பவர்கள் வேண்டுமென்றே நடுவை விட்டுத் தள்ளி அடிப்பார்கள். அவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட சுரம் காதில் நிற்கக் கூடாது. எல்லா அதிர்வுகளும் கலந்து இன்ன சுரமென்று சொல்ல முடியாத முழக்கம் வேண்டும். கம்பளி பீட்டர் மென்மை, மரமும் பிளாஸ்டிக்கும் கூர்மை. அந்தக் கூர்மையான ‘டிக்’ ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் விழும். ஹெட்டின் நடுவில் ஒட்டும் சிறு வட்டு, ஹெட்டைக் காப்பதோடு இந்த ‘டிக்’கின் தன்மையையும் மாற்றும்.

அடிக்கும் ஹெட்டின் ஆயுளுக்கு நாள்கணக்கு கிடையாது. பீட்டர் பட்ட இடத்தில் குழி விழுந்து, எல்லாத் திருகுகளும் சமமாக இருந்தும் அங்கே சுருக்கம் போகவில்லையென்றால் அந்தப் படலம் நீண்டுவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் சுருதி நிற்காது. முன் ஹெட்டுக்கு அடி படுவதில்லை என்பதால் அது பல வருடம் வரும். புது டிரம்களில் சில சமயம் கம்பெனியின் பெயரைத் தாங்கி வருகிற மெல்லிய முன் ஹெட்டை மட்டும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அடிக்கும் ஹெட்டில் செய்கிற பல மாற்றங்களைவிட அது அதிகம் பேசும்.

இன்று எழுந்திருக்கும் புதுக் கேள்வி ஸ்டூடியோவிலோ மேடையிலோ இல்லை, கேட்பவரின் கையில் இருக்கிறது. பாட்டுகளைப் பலர் கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் கேட்கிறார்கள். அந்த ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸைத் தர முடியாது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த சுரத்தையும் அதனால் தர முடியாதுதான். ஆனால் மேல்சுரங்கள் முழு எண் மடங்குகளாக இருப்பதால், விடுபட்ட அடிச்சுரத்தைக் காது தானாக ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மிருதங்கத்தின் வலந்தலையிலும் மேல்சுரங்கள் அப்படி ஒழுங்காக நிற்பதால், அதன் சுருதி சிறு ஸ்பீக்கரிலும் பிடிபடும். கிக் டிரம்முக்கு அந்த வசதி இல்லை. மேல்சுரங்கள் 1.59, 2.14 என்று சிதறிக் கிடக்கின்றன. காது எதையும் ஊகிக்க முடியாது. ‘டிக்’ மட்டும் எஞ்சுகிறது.

ஒலிக்கலவைப் பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிக்கின் தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே கொஞ்சம் சிதைப்பார்கள். 55 ஹெர்ட்ஸைச் சிதைத்தால் 110, 165, 220 என்று முழு எண் மேல்சுரங்கள் பிறக்கும். அவற்றைக் கைபேசி தரும், காது அடிச்சுரத்தை நிரப்பிக்கொள்ளும். ஆனால் இந்த வழி பலிக்க, சிதைப்பதற்கு முன்னால் தெளிவான ஒற்றை அடிச்சுரம் பதிவில் இருக்க வேண்டும். திருகுகள் சமமாக இல்லாத டிரம்மில் அது இரண்டு மூன்று அதிர்வுகளாகப் பிளந்து கிடக்கும். அவற்றைச் சிதைத்தால் ஒன்றோடொன்று மோதும் புதிய இரைச்சல்கள்தான் பிறக்கும். தளர்ந்து அறையும் ஹெட்டில் அடிச்சுரம் சில அலைகளுக்குள் செத்துவிடும். மென்பொருள் பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இராது. பதிவு தொடங்குமுன் திருகுகளைச் சமன்செய்ய ஒதுக்கும் அரைமணி நேரம், கேட்பவரின் கைபேசி வரைக்கும் போய்ச் சேர்கிறது.